ஜூராவின் மஞ்சள் ஒயின்

பிரெஞ்சு வெள்ளை ஒயின் என்றாலே பர்கண்டியைத்தான் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குக் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையோரம் இருக்கும் ஜூரா. லூயி பாஸ்டர் வளர்ந்த ஆர்புவா ஊர் அங்கேதான்.

சவாஞான் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்வது வான் ஜோன், அதாவது மஞ்சள் ஒயின். பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறைந்தால் மற்ற ஊர்களில் உடனே நிரப்பிவிடுவார்கள். இதற்கு நிரப்பவே மாட்டார்கள். மேலே ஈஸ்ட், பாலாடை மாதிரி மெல்லிசாகப் படர்ந்துவிடும். ஒயின் காடியாகாமல் காப்பது அந்த ஏடுதான். அறுவடையிலிருந்து 6 ஆண்டுக்கு மேல் காத்திருப்பு! ஒரு லிட்டரில் மிஞ்சுவது 620 மில்லி என்று கணக்கு. அதே அளவில் கிளாவ்லான் என்று குட்டையாக, தோள் அகன்ற தனி பாட்டிலே வைத்திருக்கிறார்கள்.

மூக்கருகே கொண்டுபோனால் வால்நட் வாசம், கூடவே நம் வெந்தயம். கற்பனையில்லை, வெந்தயத்துக்கு மணம் தரும் சோட்டலோன் என்ற சேர்மம் இதிலும் உண்டு.

ஜூராவில் இந்த ஒயினைச் செய்யும் ஷாத்தோ ஷலோன் கிராமத்துக்காரர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. விளைச்சல் தரமில்லாத வருஷம் ஊர்ப் பெயரில் ஒயினே போடமாட்டார்கள். 2001இல் அப்படித்தான் விட்டுவிட்டார்கள்.

கிடைத்தால் ரொம்பக் குளிர வைக்காதீர்கள். ஜூராவின் கோம்தே சீஸோடு சாப்பிடுங்கள்.