தரங்கம்பாடியில் இரு நாட்கள்

பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளி, சனி இரு நாட்களை எங்கள் பங்குக் குடும்ப மன்றத்தாரோடு தரங்கம்பாடிக் கடற்கரையில் கழித்தோம்.

தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன், மிளகு வாணிபம் நாடி வந்த டேனியர் 1620-ஆம் ஆண்டில் எழுப்பிய டேன்ஸ்பர்க் கோட்டை இன்றும் அங்கு நிமிர்ந்து நிற்கின்றது. 1706-இல் இவ்வூரில் வந்திறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சிட்டு முடிக்கப்பட்டது. பிரிந்த சகோதரராயினும், தமிழுக்கு அவர் ஆற்றிய தொண்டினை நன்றியோடு நினைந்தோம். அருகே, மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அதையும் கண்டோம். சிறுவரோ கிளிஞ்சல் பொறுக்குவதிலேயே கருத்தாயிருந்தனர்.

சனி இரவு விடுதியில் விருந்து. வெள்ளை விரிப்பு, பெயர் எழுதிய அட்டைகள், வரவேற்புரை என யாவும் முறைப்படி நடந்தன. எங்கள் அழைப்பை ஏற்று வந்திருந்த முதிய மீனவர் ஒருவரைப் பேச வேண்டினோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் பேரக்குழந்தைகள் இருவரை இழந்தவர் அவர். அத்துயரை அவர் விரித்துரைக்கவில்லை.

"பிள்ளைகளா, தரை ஆடினாலும் சரி, கடல் திடீர்னு உள்ளே போனாலும் சரி, நின்னு வேடிக்கை பார்க்காதீங்க. கிளிஞ்சல் பொறுக்கப் போகாதீங்க. மேட்டைப் பார்த்து ஓடுங்க" என்று மட்டும் கூறி அமர்ந்தார்.

நன்றியுரை கூற இருந்தவர் தம் தாளை மடித்து வைத்தார். அனைவரும் எழுந்து, அன்று மாண்டோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடினோம்.

கடல் காணச் செல்லும் பெற்றோரே, அப்பெரியவரின் சொல்லைப் பிள்ளைகளுக்கு முன்னரே கற்பித்து அழைத்துச் செல்வீர்களாக.