கொழுக்குமலையும் லோ கியரும்

கொழுக்குமலை நம்ம தேனி மாவட்டம்தாங்க. ஆனா ஜீப்பில் போகணும்னா கேரளாவில் இருக்கிற சூரியநெல்லி வழியாத்தான் ஏறணும். தூரம் கொஞ்சம்தான், சுமார் 12 கிலோமீட்டர். ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்! தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல வெறும் கல்லும் பள்ளமும்தான் ரோடு.

அதுல ஒரு குட்டி ஏற்றம், சுவர் மாதிரி நிக்குது. பாதியில் இன்ஜின் ஆஃப்! பின்னாடி பார்த்தா வளைவு, அதுக்கப்புறம் மேகம். "திருப்பிடுங்கண்ணே"ன்னு நாங்க அஞ்சு பேரும் கத்தினோம். "ஆடாம உக்காருங்க தம்பி"ன்னார் டிரைவர் அண்ணன். ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த வழியே நேரா பின்னால இறக்கினார்.

குறுக்கே திருப்பினா வண்டி உருண்டுடுமாம். நியூட்ரலில் விட்டா பிரேக்கை மட்டும்தான் நம்பணும். கியரில் இருந்தா இன்ஜினும் சேர்ந்து பிடிச்சுக்கும்.

மறுபடி ஏறினப்போ நாலு சக்கர இழுவை, லோ ரேஞ்ச், ஃபர்ஸ்ட் கியர். நடுவுல கியரே மாத்தலை. நடக்கிற வேகம்தான். வேகமா போனா சக்கரம் துள்ளி பிடிப்பு போயிடும். மெதுவா போனா டயர் கல்லைக் கவ்விக்கும். சினிமாவில் ஜீப் பறக்கிறதையே பார்த்து வளர்ந்த எனக்கு இது புதுசு!

நீங்க போறப்போ வண்டி பாதியில் நின்னா, தயவுசெஞ்சு டிரைவரை நச்சரிக்காதீங்க மக்களே!