தேநீர்க்கடைக்கு ஒரு பிரதி

அச்சு நாளிதழுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆயுள் என்று கேட்பவர்கள் விற்பனைக் கணக்கைக் கொண்டே விடை தேடுகிறார்கள். மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அந்தக் கணக்கு என்றுமே முழுக் கணக்காக இருந்ததில்லை. இங்கே ஒரு பிரதிக்குப் பத்து வாசகர்கள்.

சி. பா. ஆதித்தனார் ‘தந்தி’யை 1942 நவம்பர் 1 அன்று மதுரையில்தான் தொடங்கினார். அதுவே பின்னர் ‘தினத்தந்தி’ ஆயிற்று. உலகப்போர் நடந்துகொண்டிருந்த, காகிதம் கிடைப்பதே அரிதான காலம் அது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும் தமிழில் செய்தி தர வேண்டும் என்பது அவர் எண்ணம். சிறிய வாக்கியங்கள், பெரிய எழுத்தில் தலைப்புகள், படங்கள், குற்றச் செய்திகள். இலக்கிய வாசகர்களாகிய நாம் அந்த நடையைச் சற்று ஏளனமாகவே பார்த்து வந்திருக்கிறோம். நாளிதழைத் தேநீர்க்கடைப் பலகைக்குக் கொண்டு சேர்த்தது அந்த நடைதான்.

திருமங்கலத்தை அடுத்த எங்கள் ஊர்க் கடைக்கு, என் சிறுவயதில், காலையில் ஒரே ஓர் இதழ் வரும். கடைக்காரர் அதைத் தாள் தாளாகப் பிரித்துப் போடுவார். அரசியல் ஒருவர் கையில், விளையாட்டு இன்னொருவர் கையில், கன்னித்தீவு வேறொருவர் கையில். என் பெரியப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. பிறர் உரக்கப் படிப்பதைக் கேட்டுக்கொண்டே தலைப்பெழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படிக்கக் கற்றவர். ஆனால் படித்ததையெல்லாம் நம்பிவிட மாட்டார். “இதை யாருப்பா பாத்தது?” என்பார். செய்தியில் வரும் ஊர்க்காரர் எவரேனும் பலகையில் இருந்தால் அங்கேயே மறுப்பு பிறந்துவிடும்.

இன்று அதே பலகையில் அமர்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு கைப்பேசி வைத்திருக்கிறார்கள். வைகை அணையில் தண்ணீர் திறந்ததும், மாட்டுத்தாவணியில் மல்லிகை விலை ஏறியதும் உடனே தெரிந்துவிடுகின்றன. இது நன்மையே. இதற்காக மறுநாள் காலைவரை காத்திருக்கச் சொல்வது வெறும் பழமைப்பற்று.

ஆனால் அவரவர் திரையில் அவரவர்க்கான செய்தி. “யார் பார்த்தது?” என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இருந்தும் இல்லை. 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த மூதாட்டி ஒருவரைக் குழந்தை கடத்துபவர் என்று எண்ணி ஊரார் அடித்துக் கொன்றனர். அதற்கு முன்பே வாட்ஸ்அப் வழியாக அப்படியொரு வதந்தி பரவியிருந்தது. அதை எழுதியவர் யாரென்று அனுப்பியவர்களுக்கே தெரியாது.

அச்சிதழ்களும் பொய் சொல்லியிருக்கின்றன. சாதிப்பகையை ஊதியும் இருக்கின்றன. எனினும் கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கட்டாயம் அது. ஆங்கிலேயர் தம் கண்காணிப்புக்காகக் கொண்டுவந்ததுதான். ஆயினும், பொய்யென்று கண்டால் எந்த வாசலில் போய்க் கேட்பது என்பதை வாசகனுக்கும் அது சொல்லிவைத்தது.

காகிதம் நிலைக்கும் என்று நான் வாதிடவில்லை. கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் செய்யவென்று கரூர் அருகே புகளூரில் தொடங்கி, 1984இல் உற்பத்திக்கு வந்த அரசு ஆலை, பெயரில் ‘செய்தித்தாள்’ இருந்தும் இன்று பெரும்பாலும் எழுதவும் நூல் அச்சிடவும் உதவும் காகிதத்தையே செய்கிறது. விளம்பரங்கள் இணையத்துக்குப் போய்விட்டன. விளம்பரம் குறைந்தால் முதலில் கைவிடப்படுபவர் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் இருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர்தான். அவரும் போய்விட்டால், தாளில் வந்தாலும் திரையில் வந்தாலும், நம் ஊரைப் பற்றிய செய்திக்கு நேரில் போய்ப் பார்த்துவந்தவர் எவரும் இருக்கமாட்டார்.

சென்ற மாதம் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் இதழை நிறுத்தப்போவதாகச் சொன்னார். “யாரும் தொடுறதே இல்லண்ணே, வடை மடிக்கத்தான் ஆகுது” என்றார். நாங்கள் நான்கு பேர் பணம் போட்டு, அங்கே ஓர் இதழ் தொடர்ந்து வர ஏற்பாடு செய்திருக்கிறோம். காலை ஏழு மணிக்குப் போனால் எங்களைத் தவிர இன்னும் இரண்டு மூன்று பேர் அதைப் புரட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர் கட்டட வேலைக்குப் போகும் இளைஞர். ராசிபலன் மட்டும்தான் படிக்கிறார். படிக்கட்டும்; என் பெரியப்பா தொடங்கியதும் தலைப்பெழுத்துகளில்தானே.