ஓடி நின்றபின் ஒரு நிமிடம்

பங்குனி, திங்கள்

விடிவதற்குள் மைதானம் நிறைந்துவிட்டது. ஆழ்வார்திருநகரியைச் சுற்றியுள்ள ஊர்களில் போலீஸ் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் கணக்கு தலைகீழ்ப் பாடம். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் ஓடி முடிக்க வேண்டும். ஆண்களுக்கு மார்பு 81 செ.மீ.; மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும்.

குறும்பூர்த் தம்பி ஓடி வந்து மண்ணில் சாயப் பார்த்தான்.

"ஆறு அம்பது சார்!"

"உக்காராதல, மெதுவா நட."

சட்டென நின்றால் கால்களில் ரத்தம் தேங்கித் தலை சுற்றும். நடந்தால் கெண்டைக்கால் தசைகளே அதை மேலே தள்ளிவிடும். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தேன். 15 விநாடியில் 46 துடிப்பு, நிமிடத்துக்கு 184. ஒரு நிமிடம் கழித்து 168. தேறிவிட்டான், ஆனால் இதயம் இன்னும் தேறவில்லை.

பங்குனி, வியாழன்

பிள்ளைகளை உட்காரவைத்து விளக்கினேன். 220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது இதயத் துடிப்பின் உச்ச அளவு. தோராயம்தான், ஆளுக்கு ஆள் மாறும். அதைவிட முக்கியம், நின்றபின் துடிப்பு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது. டிரெட்மில் பரிசோதனைக்கு வந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. முதல் நிமிடத்தில் 12 துடிப்புக்கு மேல் இறங்காதவர்களுக்குப் பின்னாளில் மரண அபாயம் அதிகம் என்று அது கண்டது. ஓடும்போது இதயத்தை முடுக்கும் நரம்பு ஒன்று, அடக்கும் நரம்பு வேறு. பயிற்சி இரண்டையும் பழக்குகிறது.

சித்திரை, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. அதே வேகத்தில் ஓடியும் எல்லோருக்கும் நாடி கூடுதல். தசைக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு, உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்குப் போகிறது. சட்டை முதுகில் உப்பு பூத்திருந்தது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொன்னேன். 60 கிலோ ஆள் 1.2 கிலோ இழந்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு. அதற்குமேல் போனால் ஓட்டம் தளரும். ஒரு பெண் பிள்ளை வீட்டிலிருந்து உப்புப் போட்ட நீத்தண்ணி கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் அப்படியே செய்யலாம்.

வைகாசி, சனி

ஒன்பது கருட சேவை முடிந்தது. நவதிருப்பதிப் பெருமாள்களைத் தோளில் சுமந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாரம் தாங்கி நிற்கையில் இறுகிய தசை ரத்தக் குழாய்களை நெருக்கும். நாடியைவிட ரத்த அழுத்தம்தான் அதிகம் ஏறும். மூச்சை அடக்கினால் இன்னும் ஏறும். தோள் மாற்றுவதிலும், மூச்சை விட்டு விட்டுத் தூக்குவதிலும் அவர்களுக்கு இருக்கும் பழக்கம் பெரிய பாதுகாப்பு. ஓட்டத்துக்கு ஓர் அளவுகோல், சுமைக்கு வேறு அளவுகோல்.

வைகாசி, திங்கள்

குறும்பூர்த் தம்பி மறுபடியும் ஆறு அம்பதுதான். ஆனால் நாடி 172. ஒரு நிமிடத்தில் 140. இப்போது அவன் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது; அதனால் குறைவாகத் துடித்தாலே போதும். ஸ்டாப்வாட்ச் காட்டாத முன்னேற்றம் இது. வாரியம் ஒருநாள் நேரத்தைப் பார்க்கும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த இதயம் அவனோடு இருக்கப்போகிறது. இனி ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் ஓட்ட நேரத்துக்குப் பக்கத்தில் நாடிக்கும் ஒரு கட்டம்; எழுந்ததும் பார்த்தது, நின்றதும் பார்த்தது, ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தது. மணிக்கட்டைத் தொட்டு எண்ண ஒரு பைசா செலவில்லை.