ஆறு கார்... நாலாவது இடம்!

"நம்ம கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்ல நாலாவது வந்தான், தெரியும்ல?" - எங்கப்பா இந்த டயலாக்கை விடாத கல்யாண வீடே கிடையாது. ஒருநாள் நெட்டில் தேடிப் பார்த்தேன். 2005, ஜூன் 19, இண்டியானாபொலிஸ். ஓடினதே ஆறு கார்தான்! "ஏம்ப்பா, ஆறுல நாலா?"ன்னு சிரிச்சேன். மனுஷர் முகம் வாடிப்போச்சு.

ஏன் ஆறு கார்? அங்கதான் பாஸ் மேட்டரே!

2004-ல் ஃபெராரியை அசைக்க ஆளில்லை. 18 ரேஸில் 15 வெற்றி. 2005-ல் ஒரு ரூல் மாறியது. குவாலிஃபையிங், ரேஸ் ரெண்டுக்கும் ஒரே செட் டயர். பஞ்சர் மாதிரி ஆபத்துன்னா மட்டும்தான் மாற்றலாம். அதே ஷூமாக்கர், அதே டீம். ஆனா, அவங்க பிரிட்ஜ்ஸ்டோன் டயர் ரேஸ் முழுக்கத் தாக்குப்பிடிக்கத் திணறியது. மிஷலின் மாட்டிய ரெனோவும் மெக்லாரனும் பறந்தன. 19 ரேஸில் 18 மிஷலினுக்கு!

மிஷலின் கார்களுக்கும் சோதனை இல்லாமல் இல்லை. நியூர்பர்க்ரிங்கில் முதலிடத்தில் இருந்த ரைக்கோனன், தேய்ந்து அதிர்ந்த டயரை மாற்றாமல் ரிஸ்க் எடுத்தார். கடைசி லேப்பில் சஸ்பென்ஷன் உடைந்து பாயின்ட் ஜீரோ. அந்த வருஷ சாம்பியன், ரெனோவின் அலோன்ஸோ.

மிஷலினுக்குக் கிடைக்காத அந்த ஒரு ரேஸ்தான் இண்டியானாபொலிஸ். வெள்ளிக்கிழமை பிராக்டீஸில், சரிவான 13-வது வளைவில் டயர் போய், ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. அந்த வேகத்தைத் தங்கள் டயர் தாங்கும்னு உத்தரவாதம் தர முடியாதுன்னு மிஷலினே கைவிரித்தது. வேகம் குறைக்க சிக்கேன் கேட்டார்கள், எஃப்.ஐ.ஏ. மறுத்தது. ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் 14 கார்கள் பிட்டுக்குள் திரும்பின. கூட்டம் கொதித்தது. மிச்சம் ஆறு. ஷூமாக்கர் ஜெயித்தார், அந்த வருஷம் ஃபெராரிக்கு அது ஒன்றுதான். ஜோர்டான் ஓட்டிய நரேனுக்கு நாலாமிடம், 5 பாயின்ட்.

இப்ப என் கதை. போன செமஸ்டர் எங்க காலேஜ் டீம் கோ-கார்ட் போட்டிக்குப் போனது. வீல், டயர் என் பொறுப்பு. முந்தின ராத்திரி பார்க்கிறேன்... பின் டயரின் பக்கச்சுவரில் சின்னதா ஒரு வீக்கம். ஸ்பேர் வாங்கக் காசில்லை. எட்டு மாச உழைப்பு. "ஒண்ணும் ஆகாது மச்சி"ன்னாங்க. ஓட்டப்போறவன் என் ரூம்மேட். பொட்டுத் தூக்கமில்லை. காலையில் நானே போய் அதிகாரிகளிடம் காட்டிட்டேன். வண்டி அவுட்! திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருத்தனும் என் முகத்தைப் பார்க்கலை.

வீட்டில் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்த 14 பேரும் பயந்தாங்கொள்ளிகளாடா?"

"இல்லப்பா. டயர் சரியில்லைன்னு தெரிஞ்சு நிறுத்தினாங்க."

"ஓடின ஆறு பேர்?"

"அவங்க டயர் சரியா இருந்துச்சு. ஓடினாங்க... முடிச்சாங்க."

"அதைத்தான்டா நான் நாலாவதுங்கறேன்!"

அதுக்கப்புறம் நான் சிரிக்கலை.

உங்க டீமிலும் ஒரு "ஒண்ணும் ஆகாது மச்சி" கண்டிப்பா இருப்பான். அவன் பேச்சைக் கேட்கிறதுக்கு முன்னாடி டயரை ஒரு தடவை தடவிப் பார்த்துடுங்க.

ரூம்மேட் இன்னும் சரியாப் பேசலை. ஆனா, நேத்து ராத்திரி எனக்கும் சேர்த்து பரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்தான். அதை நீட்டின ரெண்டு கையும் முழுசா இருந்துச்சு. எனக்கு அது போதும்!