முதல் மொழியும் முப்பது குடும்பும்

பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளைகளைவிடப் பெற்றவர்களுக்குத்தான் இந்தக் கவலை அதிகம்: முதலில் எந்த மொழியைப் படிக்க வைப்பது? சி++ஸா, ஜாவாவா, பைத்தானா? உத்திரமேரூர்ப் பக்கம் யாராவது என்னைக் கேட்டால், முதலில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பிள்ளையோடு போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஆள் தேர்ந்தெடுக்கும் விதி, அங்கே இருக்கிறது. ஊரில் முப்பது குடும்பு, அதாவது வார்டு. ஊர் நிர்வாகக் குழுவான வாரியத்துக்கு நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடையில். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவர் கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவர் உறவினரும் கூடாது.

‘உறவினர்’ என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடவில்லை. சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், தாய்மாமன், மாமனார், சகோதரியின் கணவர், மருமகன், தந்தை, மகன் என்று ஒவ்வொரு முறையாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நிரல் எழுதுவதன் உயிர் இதுதான். கணினிக்கு ஊர் வழக்கம் தெரியாது. சொந்தக்காரர் என்றால் யார் யார் என்று நாம்தான் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும்.

சீட்டெடுக்கும் முறை இன்னும் அழகு. குடும்புவாரியாக ஓலைகளைக் கட்டி, மேலே வாயோலை என்ற முகப்பு ஓலையைப் பூட்டிக் குடத்தில் இடுவார்கள். கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்த பிறகு, ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் கொடுப்பான். அவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரித்த கையில் ஓலையை மாற்ற முடியுமா? அவர் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். முப்பது குடும்புக்கும் இப்படியே.

919இல் ஒரு முறை விதி செய்தார்கள், 921இல் திருத்தினார்கள். 30 முதல் 60 என்றிருந்த வயது 35 முதல் 70 ஆனது அப்போதுதான். எழுதியதைத் திருத்தும் துணிவு நிரலாளருக்கும் வேண்டும். இன்னொன்றையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். நிலமும் வேதமும் இல்லாதவர் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே வழியில்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், யாரைச் சேர்ப்பது என்ற முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. கணினி நிரலிலும் அப்படித்தான்.

அந்தக் கல்வெட்டில் பார்த்த நிபந்தனை, சுழற்சி, விலக்கு, குலுக்கல் ஆகிய நான்கையும் எந்த நிரல்மொழியிலும் எழுதலாம். தமிழிலேயே எழுதிப் பார்க்க ‘எழில்’ என்ற நிரல்மொழி இருக்கிறது. என்னைக் கேட்டால் பைத்தான். எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வது அதில் எளிது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலும் அது வருகிறது. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் ஆசிரியர் சி++ சொல்லித் தருகிறார் என்றால் அதிலேயே தொடங்கட்டும். சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் இருப்பது பெரிய பலம். எதில் தொடங்கினாலும் ஒரு வருஷமாவது மாற்றாதீர்கள். முதல் பயிற்சியாகக் குடவோலைத் தேர்தலை நிரலாக எழுதச் சொல்லுங்கள்.