மணி அடிப்பதற்கு முன்

சென்ற மாதம் மதுக்கரை வீட்டை வெள்ளையடிப்பதற்காக ஒழித்தபோது, பரண்மேலிருந்த ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இரண்டு காலர் ஐடி பெட்டிகள் கிடைத்தன. ஒன்று சாம்பல் நிறம், அமெரிக்காவிலிருந்து வந்தது. மற்றது வெள்ளை, கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் வாங்கியது. வெள்ளைப் பெட்டியின் பேட்டரிகள் கசிந்து பச்சை பூத்திருந்தன. இவற்றைப் பற்றி எழுதவேண்டும் என்று பல வருடங்களாக நினைத்ததுண்டு. எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல.

என் தங்கை 1999-இல் தான் விரும்பியவரை மணந்துகொண்டு பாலக்காட்டுக்குப் போனாள். வேறு சாதி. எட்டிமடை, வாளையாறு தாண்டினால் பாலக்காடு. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆனால் எங்கள் வீட்டில் அவள் பெயரைச் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். சுண்ணாம்புக்கல் வெடிக்கும் ஓசைக்கு நடுவே ஆயுள் முழுதும் வேலை பார்த்த மனிதர். அவர் மெதுவாகச் சொன்னதுகூட உத்தரவாகத்தான் கேட்கும். 2001-இல் அவர் காலமானார். அதன்பிறகும் அந்த உத்தரவை நீக்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா இறந்து சில மாதங்களில் அந்த அழைப்புகள் தொடங்கின. செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணிவாக்கில். நான் எடுத்தால் உடனே வைத்துவிடுவார்கள். அம்மா எடுத்தால் ஒரு நிமிடம், சிலசமயம் இரண்டு நிமிடம். அம்மாவும் பேசமாட்டாள். "ம்" என்பாள். பிறகு வைத்துவிடுவாள்.

"யாரும்மா?"

"யாரோ, கண்ணு. பேசாட்டிப் போச்சாது."

மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. தனியாக இருக்கும் பெண்பிள்ளைக்கு இப்படி ஊமை போன் வருவது நல்லதல்ல என்றார். யாரென்று தெரிந்தால் ஒரு முடிவு கட்டிவிடலாம் என்றும் சொன்னார். எனக்கு உண்மையிலேயே தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்தும் தெரியாமலும் இருந்தேன். நம் வீடுகளில் அப்படி இருப்பதற்குப் பயிற்சி தேவையில்லை.

2003-இல் நியூஜெர்சியிலிருந்து வந்த சித்தப்பா மகன் சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டுவந்தான். தொலைபேசி நிலையத்தில் எழுதிக்கொடுத்து அந்த வசதியையும் வாங்கினோம். சுவரிலிருந்து வரும் கம்பியைப் பெட்டியின் ஒரு துளையிலும், பெட்டியிலிருந்து போகும் கம்பியைத் தொலைபேசியிலும் செருகிவிட்டுக் காத்திருந்தோம். மணி அடித்தது. திரையில் நேரம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. எத்தனை அழைப்பு வந்தாலும் அதே வெறுமை. நான் இரண்டு முறை நிலையத்துக்குப் போய்ச் சண்டையிட்டேன். சண்டை முழுதும் வீண் என்பது பின்னால்தான் தெரிந்தது.

வயதான லைன்மேன் ஒருவர் வந்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சுவரிலிருந்த ரொசெட்டின் மூடியைக் கழற்றி, தன் சோதனைத் தொலைபேசியின் இரு கவ்விகளையும் மாட்டி, அதை என் காதில் வைத்தார். நிலையத்திலிருந்த தன் சகாவைக் கூப்பிடச் சொல்லியிருந்தார். முதலில் ஒரு சிறு 'க்ளிக்'. பிறகு யாரோ வெகு வேகமாகப் பொத்தான்களை அழுத்துவதுபோல இரட்டைச் சுரங்கள் மளமளவென்று ஓடின. அவை ஓய்ந்த பிறகுதான் கூடத்தில் மணி அடித்தது.

"அதுதானுங்க நெம்பரு. மணிக்கு முன்னாலயே வந்துட்டுப் போயிருச்சு" என்றார்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் அழைப்பவரின் எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையிலுள்ள மௌனத்தில் அனுப்பப்படுகிறது. 1200, 2200 ஹெர்ட்ஸ் என இரண்டே சுரங்கள். நொடிக்கு 1200 துணுக்குகள். பழைய மோடம்களின் பாஷை அது. நம் நாட்டின் பல நிலையங்கள் பின்பற்றியது வேறு முறை. டென்மார்க், சுவீடன், நெதர்லாந்து ஆகிய நாடுகளிலும் அதே முறை இருந்தது. நாம் எண்ணை அழுத்தும்போது கேட்கும் அதே இரட்டைச் சுரங்களால், முதல் மணிக்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுவது. எண்ணின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க ஏ, சி, டி போன்ற எழுத்துச் சுரங்கள் இருக்கின்றன. நம் தொலைபேசியின் பொத்தான்களில் அவை கிடையாது; எந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கானவை. அமெரிக்கப் பெட்டியோ முதல் மணியின் மின்சாரம் பட்டால்தான் கண் விழிக்கும். அது விழிக்கும்போது சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டிருப்பார்கள். விழித்திருந்தாலும் பாஷை புரிந்திருக்காது.

அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அது எனக்குத் தெரியுமே. அடிக்கறதுக்கு மிந்தியே என்ர ரூம்பு போனு 'டிங்'குனு ஒரு சின்னச் சத்தம் போடும்" என்றாள். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

வெள்ளைப் பெட்டி அடுத்த வாரமே வாங்கப்பட்டது. இது நம்மூர் பாஷை தெரிந்தது. ஆனால் அரைகுறையாகத்தான் காட்டியது. ஏழு இலக்க எண்ணில் நான்கு வரும், ஐந்து வரும். நடுவில் ஒன்று விழுந்துவிடும். மறுபடியும் லைன்மேனையே அழைத்தேன். அம்மாவின் கட்டிலருகே அப்பா காலத்துக் கறுப்புத் தொலைபேசி ஒன்று இணையாக இழுக்கப்பட்டிருந்தது. அதன் மணிச்சுருள் சுரத்தின் சக்தியில் ஒரு பங்கை உறிஞ்சுகிறது, சிமெண்ட் தூசியும் ஈரமும் படிந்த பழைய இணைப்புகள் மீதியைத் தின்கின்றன என்றார். ஓய்வில் 48 வோல்ட்டும் மணியடிக்கையில் 75 வோல்ட் அளவும் ஓடும் கம்பியில் மணி நன்றாகவே அடிக்கும். மெலிந்த சுரம்தான் வழியில் சாகும். இணைப்புகளை வெட்டிப் புதிதாக முறுக்கினார். "அந்தப் பழைய போனைக் கழட்டீர்லாங்களா?" என்று கேட்டார்.

கழற்றிவிடுங்கள் என்றேன். நான்தான் சொன்னேன். அந்தக் கறுப்புத் தொலைபேசியில்தான் அம்மா செவ்வாய்க்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு "ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு அவள் கூடத்துக்கு வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று எடுக்கவேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகும் வெளியூர் அழைப்புகளில் பாதிக்கு எண் வராது. வழியிலுள்ள எல்லா நிலையங்களும் எண்ணைக் கைமாற்றிக் கொடுத்தால்தான் அது நம்மிடம் வந்து சேரும். ஒன்று பழையதாக இருந்தாலும் உதிர்ந்துவிடும். அதை நினைத்து நான் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் 2004 ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, 0491 என்று தொடங்கும் எண் ஓர் இலக்கமும் குறையாமல் திரையில் வந்து நின்றது. அம்மா எடுத்தாள். "ம்" என்றாள். வைத்தாள். திரையைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நான் அந்த எண்ணுக்குத் திருப்பி அழைத்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"இது பூத்துங்க. இப்பத்தான் ஒரு அம்மா போட்டுட்டுப் போச்சு, கைக்கொழந்தையோட. ஏதாச்சும் சொல்லணுமா?"

கைக்குழந்தை. எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா? அந்த இரண்டு நிமிட மௌனத்தில் குழந்தையின் அழுகை கேட்டிருக்கலாம். நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். மதுக்கரையிலிருந்து யாரோ கூப்பிட்டு வைத்துவிட்டார்கள் என்று பூத்காரர் அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். அடுத்த செவ்வாய் அழைப்பு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

இந்த வசதியை அமெரிக்காவில் 1987-இல் நியூஜெர்சியில் முதலில் கொண்டுவந்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது என்று பின்னாளில் படித்தேன். அழைப்பவர் தன்னை மறைத்துக்கொள்ள வழியில்லாமல் எண்ணைக் காட்டுவது சட்டவிரோதம் என்று பென்சில்வேனியா நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. அம்மாநில உச்ச நீதிமன்றமும் 1992-இல் அதை உறுதி செய்தது. யாருக்கெல்லாம் பெயர் சொல்லாமல் கூப்பிடவேண்டிய தேவை இருக்கும் என்று அங்கே வாதிட்டிருக்கிறார்கள். நாங்கள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அம்மா என்னிடம் வந்து, "அந்த நெம்பரு இன்னும் பொட்டில இருக்குமா, சாமி?" என்று கேட்டாள். அப்போதுதான் அவள் அன்றைக்கே எல்லாம் புரிந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. இருக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் பேட்டரிகளை மாற்றியிருந்தேன். அவற்றைக் கழற்றினால் நினைவிலிருப்பதெல்லாம் அழிந்துவிடும் மலிவான பெட்டி அது. எண்ணை நான் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

2006-இல் தங்கை தானாகவே வந்தாள், பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. அது வேறு கதை. அதற்குப் பின் ஒவ்வொரு நோம்பிக்கும் வந்துகொண்டிருக்கிறாள். அம்மா போன பிறகும் வருகிறாள்.

வீடு ஒழித்த அன்றும் வந்திருந்தாள். டப்பாவிலிருந்த வெள்ளைப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தாள்.

"இது நெம்பரு காட்டற பொட்டிதானுங்ணா? அப்பவே இருந்துச்சா நம்ம வீட்ல?"

"இருந்துச்சு" என்றேன். "நம்ம லைனுக்குச் சேரல. வேலையே செய்யல."